மிரட்டுவதற்கு ஒதுக்கப்பட்ட அரை மணி நேரம்

மணலோடையில் தேர்தல் நேரத்தில் யாரையாவது மிரட்ட வேண்டுமென்றால் பேரூராட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு வாங்குவது மாதிரிதான். படிவம் நான்கு, பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று, மிரட்டப்படுகிறவரின் கதவு எண். எழுதிக் கொடுத்தால் அரை மணி நேரம் ஒதுக்குவார்கள். அதற்குள் மிரட்டி முடித்துவிட்டு இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். அனுமதி இல்லாமல் மிரட்டுவது குற்றம். அந்தக் குற்றத்தை மணலோடையில் இதுவரை ஒருவரும் செய்ததில்லை.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். மிரட்டுகிறவருக்கு எவ்வளவு நேரமோ, மிரட்டப்படுகிறவருக்கும் திருப்பி மிரட்ட அவ்வளவு நேரம் உண்டு. இரண்டு பக்கமும் ஒழுங்காக மிரட்டி, இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பயந்திருந்தால், இது அதற்குச் சரியாகப் போயிற்று என்று கழித்துவிட்டு எல்லாரும் ஓட்டுப் போடலாம். ஒரு பக்கம் மட்டும் பயந்திருந்தால் அவர்கள் பெயர் 'வீட்டிலிருப்போர் பட்டியல்' என்கிற நீலத் தாளில் ஏறிவிடும். அன்றைக்கு அவர்கள் வீட்டிலிருக்க வேண்டும். ஒருவர் தனக்குக் கிடைத்த அரை மணியைப் பயன்படுத்தாவிட்டாலும், பயன்படுத்தித் தோற்றாலும் அது எதிராளிக்குப் போகும். அதுவும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

காளவாசல் தெருவில் நூற்றுப் பதினொரு ஓட்டு. அந்தத் தெருவை மிரட்டும் அனுமதி ராஜாங்கத்திடம் இருந்தது. ராஜாங்கம் முன்னாள் பேரூராட்சித் தலைவர். ஊருக்கு மேற்கே இருக்கும், செங்கல் சுடுகிற சேம்பர் அவருடையது. தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. கடந்த ஐந்து தேர்தல்களில் தெருவின் பங்கான அரை மணியை யாரும் எழுதி வாங்கவில்லை. யார் போய் அவரை மிரட்டுவது? ஆக, ஒவ்வொரு முறையும் அவருக்கு அரை மணியும் அரை மணியும் சேர்ந்து முழுதாக ஒரு மணி நேரம் கிடைத்தது.

அந்த ஒரு மணி நேரத்தை அவர் வீணாக்கியதில்லை. தெருமுனையில் நாற்காலி போட்டு உட்காருவார். பேசமாட்டார். பேசுவது மைக் செட் இளங்கீரன். கல்யாணம், காதுகுத்து, இறப்பு அறிவிப்பு, மிரட்டல் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே குரல்தான் இருந்தது.

"அன்பார்ந்த காளவாசல் தெரு வாக்காளப் பெருமக்களே! தாய்மார்களே! உங்கள் கூரைகள்... உங்கள் கூரைகள்! உங்கள் ஆடுகள்... உங்கள் ஆடுகள்! சேம்பரில் உங்கள் வேலை... வேலை! இவையெல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று உங்கள் அன்பு அண்ணன் ஆசைப்படுகிறார்! எனவே வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை, சுற்றமும் நட்பும் சூழ, அவரவர் வீட்டிலேயே இருந்து சிறப்பிக்குமாறு... சிறப்பிக்குமாறு! இருகரம் கூப்பி மிரட்டிக்கொள்கிறோம்!"

எதிரொலிக்கு அவர் கருவி எதுவும் வைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை அவரே சொல்லிக்கொள்வார்.

தெருக்காரர்கள் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே வருவார்கள்.

பஞ்சவர்ணம் அந்தத் தெருவில் ரவிக்கை தைப்பவள். வயது நாற்பத்தொன்று. ஐந்து தேர்தலையும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தவள். இந்தத் தடவை அவளுடைய மகள் அபிநயாவுக்குப் பதினெட்டு முடிந்து வாக்காளர் அட்டை வந்திருந்தது. அட்டையில் இருந்த படத்தில் தன் காது தெரியவில்லை என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு, அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"அந்தப் பொத்தான் கெட்டியா இருக்குமாம்மா, லேசா இருக்குமா?"

பஞ்சவர்ணம் ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அத்தனை பேர் உடம்பு அளவும் அவளுக்கு மனப்பாடம். இந்த ஒரு விஷயம் தெரியவில்லை. வாயில் ஊசி இருப்பதுபோல் உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஊசி கையில்தான் இருந்தது.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் நான்கு கேட்டாள்.

"யார மிரட்டணும்?" என்றார் எழுத்தர்.

"ராஜாங்கம் ஐயாவை."

"கதவு எண்?"

"ஒண்ணு."

அவர் எழுதிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை மூணு மணியிலேருந்து மூணரை. லேட்டாப் போனா கூட்டித் தரமாட்டோம். மிரட்டி அனுபவம் உண்டா?"

"இல்லைங்க."

"புதியவர்" என்று அதற்குரிய கட்டத்தில் எழுதி முத்திரை குத்தினார்.

அனுமதி வாங்கியாயிற்று. மிரட்டத் தெரியவேண்டுமே. தெருவே கூடி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. சவரிமுத்து முன்னாள் பஸ் கண்டக்டர். மிரட்டல் அடிவயிற்றிலிருந்து வரவேண்டும் என்பது அவர் கட்சி.

"தங்கச்சி, இங்க பாரு. 'ஏய்ய்! படியில நிக்காத, மேல ஏறு!' இப்பிடிக் குடலு அதிரணும்."

"படியில யாருண்ணே நிக்கிறா?"

"யாரும் நிக்கல. நிக்கிறதா நினைச்சுக்க."

அவர் குரலுக்குத் தெருவில் நாலு பேர் நிஜமாகவே மேலே ஏறி நின்றுகொண்டார்கள். பஞ்சவர்ணமும் சொல்லிப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து அது "படியில நிக்காதீங்க, மேல வந்து உக்காருங்க" என்று வந்தது. கண்ணை உருட்டச் சொன்னார்கள். உருட்டினாள். தூசி விழுந்துவிட்டதென்று நினைத்துப் பக்கத்து வீட்டு முத்திருளாயி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ஊத வந்துவிட்டாள். ஆட்டை மிரட்டிப் பழகச் சொன்னார்கள். ஆடு கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் வந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை ஏழு அங்குலம் வரைக்கும் தின்றது.

"நாடா இருக்கிறவரைக்கும் மிரட்டு" என்றார் சவரிமுத்து.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பஞ்சவர்ணம் கதவு எண் ஒன்றின் முன்னால் நின்றாள். மிரட்டல் பார்வையாளர் ஏற்கெனவே வந்திருந்தார். ஹெப்சிபா என்று பெயர். பாரபட்சம் இருக்கக் கூடாதென்று நாகர்கோவில் பக்கமிருந்து அனுப்பப்பட்டவர். மடியில் பெரிய பதிவேடு, கையில் பால் சொசைட்டியில் வாங்கிய அளவுக் குவளை, ஒரு தாம்பாளம்.

காளவாசல் தெருக்காரர்கள் அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வருவது. ரவிக்கை கொடுக்க வந்தாலும் அப்படித்தான். பஞ்சவர்ணத்தின் கால் தன்னால் பின்பக்கம் திரும்பியது.

"அங்க எங்க போறீங்க?" என்றார் ஹெப்சிபா. "விதி ரெண்டு. முன்வாசல் வழியாப் போய்த்தான் மிரட்டணும்."

ராஜாங்கம் கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். பயப்படுவதற்கென்று நேரம் ஒதுக்கி, சேம்பருக்குக்கூடப் போகாமல் இருந்தார். சட்டம் என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை.

"விதி ஆறு" என்று ஹெப்சிபா படித்தார். "மிரட்டுபவர் மிரட்டப்படுபவரின் வீட்டு டம்ளரில், அவ்வீட்டுத் தண்ணீரை விளிம்புவரை தம் கையால் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மிரட்டப்படுபவர் அதை வலக்கையில் ஏந்தியிருக்க வேண்டும். பயத்தால் தாம்பாளத்தில் சிந்தும் நீர் பத்து மில்லிக்குக் குறையாமல் இருந்தால் மிரட்டல் செல்லும்."

ராஜாங்கத்தின் மனைவி கனகாம்புஜம் சமையலறை வாசலில் நின்றிருந்தார். பின்வாசலில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரைப் பார்த்தார். உள்ளே அலமாரியில் இருந்த டம்ளரைப் பார்த்தார். 'அவ்வீட்டு டம்ளர்' என்பது எது என்று விதியில் விளக்கம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்ததை எடுத்துப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தார். பஞ்சவர்ணம் அந்த வீட்டுப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டாள். பானை உடையவில்லை. தண்ணீர் சாதாரணத் தண்ணீராகவே இருந்தது. டம்ளர் விளிம்புவரை வந்து மெல்லிய வளைவாக நின்றது.

ராஜாங்கம் அதை வலக்கையில் வாங்கிக்கொண்டார். ஹெப்சிபா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாம்."

பஞ்சவர்ணம் தொண்டையைச் செருமினாள்.

"ஏய்ய்... ஐயா," என்றாள்.

"சொல்லு பஞ்சவர்ணம்."

"நீங்க... வியாழக்கிழமை வீட்டவிட்டு வெளிய வந்தீங்கன்னா..."

"வந்தா?"

"வெயிலு கடுமையா இருக்குங்க. தொப்பி போட்டுக்கங்க."

ராஜாங்கம் டம்ளரைப் பார்த்தார். ஆடவில்லை. ஹெப்சிபா எதையோ எழுதிக்கொண்டார்.

"கொஞ்சம் காரமாச் சொல்லு" என்றார் ராஜாங்கம். அவருக்கும் நேரம் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. "நானும் உக்காந்ததுலேருந்து முயற்சி பண்றேன். வரமாட்டேங்குது. கூரை கீரைன்னு ஏதாச்சும் சொல்லேன்."

"உங்க வீட்டுக்குக் கூரையில்லைங்களே ஐயா. மாடி."

"ஆமா. மாடி."

"ஆடும் இல்ல."

"நாய்தான் இருக்கு."

"நாயி பாவங்க."

பதினைந்து நிமிடம் போயிற்று. சமையலறை வாசலிலிருந்து கனகாம்புஜம் ரொம்ப நேரமாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஏன் பஞ்சவர்ணம், என் மாம்பழக் கலர் ரவிக்கை என்னாச்சு? போன மாசம் குடுத்தது."

"மன்னிச்சுக்கங்கம்மா! கை மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை தந்துர்றேன். மன்னிச்சுக்கங்க."

"மிரட்டுபவர் இருமுறை மன்னிப்புக் கேட்டார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார் ஹெப்சிபா.

மூன்று இருபத்தைந்துக்கு டம்ளரின் வெளிப்புறத்தில் ஒரு துளி தெரிந்தது. பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள். ராஜாங்கமும் ஆசையாகப் பார்த்தார். ஹெப்சிபா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "பானைத் தண்ணி. குளிர்ச்சியில வேர்த்திருக்கு. டம்ளர் வேர்த்தா சேராது, ஆள் வேர்க்கணும்."

மூன்றரைக்கு டம்ளர் விளிம்புவரை அப்படியே இருந்தது. ஹெப்சிபா பதிவேட்டில் சுழியம் போட்டார். தெருவின் அரை மணி தோற்றுப் போயிற்று. அது இனி ராஜாங்கத்தின் அரை மணி. புதன்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றுவரை அவருக்கு முழு ஒரு மணி நேரம். நூற்றுப் பதினொரு பெயரும் நீலத் தாளுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

பஞ்சவர்ணம் கிளம்பவில்லை. ஆடு தின்றது போக மிச்சமிருந்த நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எந்த அளவையும் பக்கத்து அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு.

"மேடம், ஐயா எங்க தெருவுக்கு வந்தப்ப எங்களுக்கு எவ்வளவு சிந்துச்சு?"

ஹெப்சிபா பக்கங்களைப் பின்னால் புரட்டினார். ஐந்து தேர்தலுக்கும் ஐந்து பக்கம் இருந்தது. ஐந்திலும் ஒரே வரி, ஐந்து வேறு வேறு கையெழுத்தில். அவர் படித்தார்: "'பயம் ஏற்கெனவே இருப்பில் உள்ளது. ஆகவே அளக்கவில்லை.'"

"எங்களுக்கு அளக்கவேயில்லையா?"

"இல்ல."

"ஐயாவுக்கு மட்டும் துளிய குனிஞ்சு பாத்தீங்க?"

ஹெப்சிபா யோசித்தார். ராஜாங்கமும் யோசித்தார். டம்ளர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"அளவெடுக்காம எல்லாருக்கும் முப்பத்தாறுன்னு தைச்சா யாருக்குங்க சேரும்?" என்றாள் பஞ்சவர்ணம். கேள்வியைப் பொதுவாகத்தான் கேட்டாள்.

ஹெப்சிபா படிவம் நான்கை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'எதிர்த்தரப்பு மிரட்டலையும் அளக்கக் கோருகிறேன்.' ஐந்து தேர்தலாக யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பியதில்லை. முதலில் யாரும் அந்தப் படிவத்தையே வாங்கியதில்லை.

பஞ்சவர்ணத்திடம் பேனா இல்லை. இடுப்பில் செருகியிருந்த தையல் சாக்பீசால் அதில் ஒரு டிக் போட்டாள்.

"நாளைக்கு டம்ளரும் தாம்பாளமும் நூத்திப் பதினொண்ணு வேணும்" என்றார் ஹெப்சிபா.

புதன்கிழமை எட்டு மணிக்கே காளவாசல் தெருவில் எல்லாரும் டம்ளரோடு நின்றார்கள். எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் குவளை, ஓட்டப்பந்தயத்தில் யாரோ வாங்கிய கோப்பை. டம்ளர் போதாத வீட்டில் மூடியில் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீரைத் தெருக்குழாயில் பிடித்து ராஜாங்கமே தன் கையால் நிரப்பினார். விதி ஆறு. முடிப்பதற்குள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருமுனையில் மைக் செட் இளங்கீரன் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிரட்டல் இன்னும் ஆரம்பிக்கல" என்றார் ஹெப்சிபா. "முதல்ல இருப்பு அளக்கணும். இருக்கிற பயம் வேற, வரப்போற பயம் வேற. எல்லாரும் டம்ளரைத் தூக்குங்க."

தூக்கினார்கள்.

சிந்தியது. சேம்பரில் கல் அடுக்குகிற முருகவேல் தூக்குவதற்கு முன்பே அவன் டம்ளர் காலி. முத்திருளாயிக்கு முழங்கைவரை வழிந்தது. சவரிமுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அப்படியும் நிற்கவில்லை. பஞ்சவர்ணம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிற கை அது. அதிலிருந்து பாதி டம்ளர் போயிற்று. தாம்பாளங்களில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்டது.

ஹெப்சிபா ஒவ்வொரு தாம்பாளமாக அளந்து இரண்டு பால்கேனில் ஊற்றினார். பதினான்கு லிட்டர் முந்நூறு மில்லி. கேனுக்கு அரக்கு வைத்து, 'ஆரம்ப இருப்பு' என்று சீட்டு ஒட்டி ஜீப்பில் ஏற்றினார்.

"இது யாரு கணக்கு மேடம்?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"நீங்க வாய் திறக்கிறதுக்கு முந்தினது. உங்க கணக்குல வராது. மறுபடி நிரப்புங்க."

ராஜாங்கம் மறுபடியும் நூற்றுப் பதினொரு டம்ளரை நிரப்பினார். பத்து மணிக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்து இளங்கீரனுக்குத் தலையசைத்தார்.

"அன்பார்ந்த காளவாசல் தெரு வாக்காளப் பெருமக்களே! உங்கள் கூரைகள்... கூரைகள்!"

நூற்றுப் பதினொரு டம்ளரும் அசையாமல் இருந்தன.

தெருக்காரர்கள் ஒத்துழைக்காமல் இல்லை. வழக்கம்போலக் கவனமாகத்தான் கேட்டார்கள். இருந்ததெல்லாம் கேனுக்குப் போய்விட்டது. புதிதாக ஒன்றும் ஊறவில்லை, அவ்வளவுதான். சவரிமுத்துக்குப் பாவமாக இருந்தது. மனுஷன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று மணிக்கட்டை லேசாக ஆட்டினார்.

"ஆட்டக் கூடாது!" என்றார் ஹெப்சிபா. "தானா ஆடணும்."

"சாரி மேடம்."

இளங்கீரன் ஆடுகளுக்குப் போனார். ஆடுகள் முடிந்து வேலைக்குப் போனார். மூன்றாவது சுற்றில் அவருக்கு எதிரொலி தீர்ந்துபோய் ஒவ்வொன்றையும் ஒரே தடவை சொல்ல ஆரம்பித்தார். பத்தே முக்காலுக்கு ராஜாங்கம் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். அவர் சொந்தக் குரலை அந்தத் தெரு மைக்கில் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னக் குரல். கடையில் சில்லறை இல்லையே என்று சொல்கிறவர்களின் குரல்.

"ஏப்பா... நாளைக்கு எவனாச்சும் வெளிய வந்தீங்க, கூரையப் பிரிச்சுருவேன்ப்பா."

முருகவேல் டம்ளரைப் பார்த்தபடியே, சிந்தாமல், மரியாதையாகக் கேட்டான். "யாரை வச்சுப் பிரிப்பீங்க ஐயா?"

"சேம்பர் ஆளுகள வச்சுத்தான்."

"அது நாங்கதானுங்களே. நாளைக்கு ஓட்டுன்னு எங்களுக்கு லீவு விட்டிருக்கீங்க."

ராஜாங்கம் இளங்கீரனைப் பார்த்தார். இளங்கீரன் வாரத்தில் வேறு நாள் இருக்கிறதா என்று யோசிப்பதுபோல் வானத்தைப் பார்த்தார்.

"பயப்படுங்கப்பா" என்றார் ராஜாங்கம் மைக்கில். "கொஞ்சமாச்சும்."

பதினொரு மணிக்கு ஹெப்சிபா நூற்றுப் பதினொரு தாம்பாளத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாம் காய்ந்து கிடந்தன. பதிவேட்டில் முந்தின நாள் ராஜாங்கத்துக்குப் போட்ட சுழியத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே மையில் இன்னொரு சுழியம் போட்டார். நீலத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நாளைக்கு எல்லாரும் ஓட்டுப் போடலாம் என்றார்.

ராஜாங்கம் போகவில்லை. பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அதக் கொஞ்சம் குடு" என்று அவள் டம்ளரை வாங்கி வலக்கையில் ஏந்தினார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவர் விரலில் வழிந்து, சலவைச் சட்டையின் கைமடிப்பு நனைந்து, தரையில் சொட்டியது.

"நாப்பது மில்லி இருக்கும்" என்றார் ஹெப்சிபா. "ஆனா உங்களை மிரட்டுற நேரம் நேத்து மூணரைக்கே முடிஞ்சுபோச்சு. சேர்க்க முடியாது."

"சேர்க்க வேணாம் மேடம்."

பஞ்சவர்ணம் இடுப்பிலிருந்து ஒரு லைனிங் துணித் துண்டை எடுத்து நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். துணி மாம்பழக் கலரில் இருந்தது.

வியாழக்கிழமை ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில் இருந்தது. மணலோடையில் தெரு வாரியாகக் கூப்பிடுவார்கள். காளவாசல் தெரு பட்டியலில் கடைசி. நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள். நூற்றுப் பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள். முதலில் பஞ்சவர்ணம், அவளுக்குப் பின்னால் அபிநயா. விரலில் மை வைத்தார்கள். பஞ்சவர்ணம் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். தனக்குப் பிடித்த சின்னத்துக்கு நேராக இருந்த பொத்தானை அமுக்கினாள். ரவிக்கையின் பிரஸ் பட்டனைவிடக் கெட்டி, மெஷின் பெடலைவிட லேசு. சிவப்பு விளக்கு எரிந்தது.

சத்தம் வரவில்லை.

"அப்படியே உக்காருங்கம்மா" என்றார் ஓட்டுச்சாவடி அதிகாரி, ஒரு பெஞ்சைக் காட்டி. "உங்க தெருச் சத்தம் இன்னும் வந்து சேரல."

"எங்க போயிருக்குங்க?"

"ஒட்டன்சத்திரம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சத்தம் குடுத்திருக்கு. உங்க தெருச் சத்தத்துக்கு ஒரு வேலையும் இல்ல. மூணு தேர்தல் சும்மா உக்காந்து பாத்துச்சு. அப்புறம் எழுதிக் குடுத்துட்டுக் காய்கறி லாரியில ரிவர்ஸ் எடுக்கிற சத்தமாச் சேர்ந்துருச்சு. காலையிலேயே போன் பண்ணிட்டோம். அஞ்சு நாப்பது பஸ்ல வருது."

"ஆறு மணிக்கு முடிஞ்சுருமே?"

"ஆறுக்குள்ள அது வந்துட்டா வரிசையில இருக்கிற எல்லாரும் போடலாம். சத்தம் வராத ஓட்டு ஓட்டாகாது. இது எல்லாத் தெருவுக்கும் உள்ளதுதான்."

பஞ்சவர்ணம் பெஞ்சில் உட்கார்ந்தாள். எரிந்த சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. பின்னால் வரிசை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தது. சவரிமுத்து, அந்த பஸ் ஐந்து நாற்பதுக்கு வந்ததாகத் தன் சர்வீசில் சரித்திரம் இல்லை என்றார். டிரைவர் யார் என்று விசாரித்தார். பெயரைச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஐந்து நாற்பது ஆயிற்று. ஐந்து ஐம்பது ஆயிற்று. அதிகாரி கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தார். அபிநயா வாசலுக்கும் பெஞ்சுக்குமாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "நீ எந்திரிச்சுராதம்மா" என்று இரண்டு தடவை சொன்னாள். பஞ்சவர்ணம் எழுந்திருப்பதாக இல்லை.

ஐந்து ஐம்பத்தாறுக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் பஸ் நின்றது. சத்தம் இறங்கியது. கையில் ஒரு மஞ்சள் பை. மேலெல்லாம் முட்டைக்கோஸ் வாசனை. வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதிகாரிக்கு ஒரு வணக்கம், பெஞ்சில் இருந்தவளுக்கு ஒரு வணக்கம் வைத்தது.

"செம்பட்டி தாண்டி டயர் பஞ்சர் சார்."

"சரி சரி, ஆரம்பி."

பையை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் நேராக நின்று, ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு அது ஒலித்தது. நல்ல நீளமான, முழுச் சத்தம். பஞ்சவர்ணத்தின் ஓட்டு பதிவாகிவிட்டது.

லாரிப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதைக் கேட்டதும் வரிசையில் இருந்த நூற்றுப் பத்துப் பேரும் எழுந்து இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்கள். அதிகாரியும் நாற்காலியோடு நகர்ந்தார். பின்னால் இடம் போதாமல் பள்ளிக்கூடத்துச் சுவர் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தது. பிறகு எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். அபிநயா விரலை நீட்டினாள்.